அறுந்த இடம் எது?

நுழையும்முன்

இணையம் நின்றவுடன் 'ரூட்டர் கெட்டுவிட்டது' என்று சொல்லிவிடுகிறோம். கெட்டது ரூட்டர்தானா? வீட்டில் இருந்தபடியே அதைக் கண்டறிய முடியுமா? புதிய கருவி வாங்குமுன் எவற்றைக் கேட்டறிய வேண்டும்? தமிழாசிரியர் ஒருவர் தம் அனுபவத்தின் வழியே கூறுகிறார்.

ஆச்சியின் கோபம்

செகந்தராபாத்திலிருந்து கரீம்நகர் செல்லும் இராஜீவ் நெடுஞ்சாலையில், திருமலகிரியைக் கடந்து அல்வாலை அடையுமுன் வருவது லோத்குண்டா. படைத்துறைப் பணி, இரயில்வே, வங்கி, தனியார் நிறுவனம் என ஏதேனும் ஒன்றின்பொருட்டுத் தமிழ்நாட்டை விட்டு வந்த குடும்பங்கள் பல இப்பகுதியில் வாழ்கின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பாட்டியின் முகம் பெரும்பாலும் கைப்பேசித் திரையில்தான் தெரிகிறது. ஆகவே, வீட்டு இணையம் அவர்களுக்கு வெறும் பொழுதுபோக்கு அன்று. ஊரோடு உள்ள உறவும் அதன் வழியேதான் ஓடுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் தமிழ் பயிலும் மாணவி ஒருத்தி ஒருநாள் ஆசிரியர் அறைக்கு வந்தாள். முகம் வாடியிருந்தது.

"மேடம், மூன்று வாரமாக ஆச்சி எங்களோடு பேசுவதில்லை. நாங்கள் அழைத்தாலும் எடுப்பதில்லை" என்றாள்.

அவளுடைய ஆச்சி திருநெல்வேலிக்கு அருகே ஒரு சிற்றூரில் தனியாக வாழ்பவர். நாள்தோறும் மாலை ஏழு மணிக்குக் காணொளியில் பேசுவார். சில மாதங்களாகவே பேச்சு நடுவில் அறுந்துகொண்டிருந்தது. உருவம் அசையாமல் நின்றுவிடும். குரல் துண்டு துண்டாக வரும். பிறகு அழைப்பே நின்றுவிடும். ஆச்சிக்கு இணையத்தின் நிலை எப்படித் தெரியும்? "பேரப்பிள்ளைகளுக்கு என்னோடு பேசப் பிடிக்கவில்லை, பாதியிலேயே வைத்துவிடுகிறார்கள்" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லி வருந்தினாராம். அன்றிலிருந்து அழைப்பை எடுப்பதை நிறுத்திவிட்டார்.

"ஞாயிற்றுக்கிழமை புது ரூட்டர் வாங்கப் போகிறோம், மேடம். 4,500 ரூபாய். பழையதற்கு வேகம் போதாது என்று கடைக்காரர் சொன்னார்" என்றாள் மாணவி. அவளுடைய தந்தை வெளிமாநிலத்தில் பணிபுரிகிறார். தாய் ஒருவரே வீட்டைப் பார்த்துக்கொள்கிறார். அவ்வீட்டுக்கு 4,500 ரூபாய் சிறு தொகை அன்று.

"வாங்குவதற்கு முன் எது கெட்டிருக்கிறது என்று பார்த்துவிடலாம். சனிக்கிழமை மாலை வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்" என்றேன்.

நான் பொறியியல் பயின்றவள் அல்லள், தமிழாசிரியர். ஆனால், ஒன்றாகச் சேர்ந்து கிடப்பதைப் பிரித்துப் பார்ப்பது என் நாள்தோறும் உள்ள வேலை. 'வந்தனன்' என்னும் ஒரு சொல்லைப் பகுதி, சந்தி, விகாரம், இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரித்தால்தான் அச்சொல் எவ்வாறு உருவாயிற்று என்பது விளங்குகிறது. வீட்டு இணையமும் அப்படித்தான். 'நெட்' என்று ஒரே சொல்லால் நாம் குறிப்பது உண்மையில் பல உறுப்புகளின் தொகுதி. பிரித்துப் பார்த்தால் பிழை உள்ள உறுப்பு தானே வெளிப்படும்.

மோடமும் திசைவியும்

முதலில் உறுப்புகளின் பெயர்களை அறிவோம். வெளியிலிருந்து கம்பி வழியே வரும் குறிப்பலையை நம் கருவிகள் புரிந்துகொள்ளும் வடிவுக்கு மாற்றுவது மோடம். பண்பேற்றம், பண்பிறக்கம் ஆகிய இரண்டையும் செய்வதால், அவற்றுக்குரிய இரண்டு ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகளைச் சேர்த்து இப்பெயர் இட்டனர். வந்த செய்தியை வீட்டில் உள்ள கைப்பேசி, கணினி, தொலைக்காட்சி ஆகியவற்றுள் எதற்கு உரியதோ அதற்குத் திசைப்படுத்தி அனுப்புவது ரூட்டர். அதனால்தான் தமிழில் அதனைத் திசைவி என்கிறோம். கம்பியில்லாமல் செய்தியைக் கொண்டுசெல்லும் வைஃபைக்கு அருகலை என்று பெயர். அருகில் மட்டுமே செல்லும் அலை என்பதை அப்பெயரே உணர்த்துகிறது. இன்று பெரும்பாலான வீடுகளில் இவை மூன்றும் ஒரே பெட்டிக்குள் அமைந்துள்ளன. ஒரு பெட்டியாக இருப்பதால் ஒரே பொருள் என்று எண்ணிவிடுகிறோம்.

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையச் சேவை 1995 ஆகஸ்டு 15 அன்று தொடங்கப்பெற்றது. அக்காலத்தில் மோடம் தொலைபேசிக் கம்பியில் எண்ணைச் சுழற்றி இணைந்தது. இணையம் ஓடும்போது தொலைபேசியில் பேச இயலாது. 2004இல் வெளியான மைய அரசின் அகலப்பட்டைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தாலே அஃது அகலப்பட்டை என்று வரையறுத்தது. 2023இல் அந்தக் கீழ்வரம்பு 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. செப்புக் கம்பியின் இடத்தை இப்போது ஒளியிழை பிடித்துக்கொண்டது.

ஒளியிழை ஏறத்தாழத் தலைமுடியின் பருமனே உள்ள கண்ணாடி நூல். அதற்குள் ஒளி முழு அக எதிரொளிப்பு அடைந்து வெளியே சிந்தாமல் ஓடுகிறது. வளைந்த கண்ணாடி இழைகளின் வழியே உருவங்களைச் செலுத்திக் காட்டியவர்களுள் ஒருவர், பஞ்சாபில் மோகா என்னும் ஊரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி. இத்துறைக்கு இழை ஒளியியல் என்னும் பொருள்படும் ஆங்கிலப் பெயரை 1960இல் வழங்கியவரும் அவரே. தூய கண்ணாடியாயின் ஒளி நெடுந்தொலைவு செல்லும் என்பதை 1966இல் எடுத்துரைத்த சார்லஸ் காவ் 2009இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

வீட்டுக்கு வரும் ஒரே இழையில் செய்தி இருபுறமும் செல்கிறது. பரவலாக உள்ள முறையில், நம்மை நோக்கி வரும் ஒளி 1490 நானோமீட்டர் அலைநீளமும், நம்மிடமிருந்து செல்லும் ஒளி 1310 நானோமீட்டர் அலைநீளமும் கொண்டவை. இரண்டும் கண்ணுக்குப் புலப்படா. எனினும் கண்ணுக்குக் கேடு செய்யக்கூடும். ஆதலால், கழற்றிய இழையின் முனையை ஒருபோதும் உற்றுப் பார்க்கக் கூடாது.

சனிக்கிழமைச் சோதனை

சனிக்கிழமை மாலை மாணவியின் வீட்டுக்குச் சென்றேன். இரண்டாம் தளத்தில் இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீடு. திசைவி படுக்கையறையில், இரும்புப் பீரோவின் உச்சியில், பெட்டிகளுக்குப் பின்னால் இருந்தது. எஞ்சிய ஒளியிழை சுவரோரம் வளையமாகத் தொங்கியது.

"முதலில் விளக்குகளைப் பார்" என்றேன். மாணவி நாற்காலியில் ஏறிப் பார்த்து ஒவ்வொன்றாகச் சொன்னாள். மின்விளக்குப் பச்சையாக எரிந்தது. ஆகவே மின்சாரம் வருகிறது. 'பான்' என்னும் விளக்கு இமைக்காமல் பச்சையாக நின்றது. ஆகவே நிறுவனத்தின் கருவியோடு தொடர்பு சரியாக உள்ளது. 'லாஸ்' என்னும் விளக்கு எரியவில்லை. எரியாததே நன்று; ஒளி வராதபோதுதான் அது சிவப்பாக ஒளிரும். ஆகவே வெளியிலிருந்து வரும் இழையில் குறையில்லை.

அடுத்து, திசைவியின் அருகில் நின்று கைப்பேசியில் வேகத்தை அளந்தோம். அவர்கள் கட்டணம் செலுத்துவது நொடிக்கு 50 மெகாபிட் திட்டத்துக்கு. திரையில் 46 என்று தெரிந்தது. ஆகவே நிறுவனம் தருவதும் சரி, திசைவி வாங்கிக் கொடுப்பதும் சரி.

"ஆச்சியோடு எங்கிருந்து பேசுவீர்கள்?" என்று தாயைக் கேட்டேன்.

"ஏழு மணிக்குச் சமையல் வேலை இருக்கும், டீச்சர். அடுப்படித் திண்டில் அரிசி டப்பாவின் மேல் போனைச் சாய்த்து வைத்துப் பேசுவோம்" என்றார்.

சமையலறையில் அளந்தோம். 3 மெகாபிட் என்று காட்டியது. மறுமுறை 1 என்று காட்டியது. குறை எந்த உறுப்பில் உள்ளது என்பது தெரிந்துவிட்டது. மின்சாரம், இழை, மோடம், திசைவி யாவும் நலம். திசைவிக்கும் கைப்பேசிக்கும் இடைப்பட்ட அருகலையில்தான் தடை. அலையின் பாதையில் ஓர் இரும்புப் பீரோ, இரண்டு சுவர்கள், ஒரு குளிர்பதனப் பெட்டி ஆகியவை நின்றன. உலோகம் இவ்வலைகளை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். கம்பி பாவிய கற்காரைச் சுவர் பெருமளவு விழுங்கிவிடும்.

திசைவியை இடம் மாற்ற முடிவு செய்தோம். மின்சாரத்தை நிறுத்தி, இழையைக் கழற்றாமலே, தொங்கிய வளையத்தைப் பிரித்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தோம். இழையை மடிக்கக் கூடாது. தேநீர்க் கோப்பையின் அடித்தட்டைவிடச் சிறிய வளையமாகச் சுருட்டவும் கூடாது. கூர்மையாக வளைந்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். சமையலறை வாயிலுக்கு நேரே, கதவின் உயரத்தில், சுவரில் மாட்டினோம். செலவு ஓர் ஆணியும் ஒரு மின்நீட்டிப் பலகையும். மீண்டும் சமையலறையில் அளந்தபோது 28 மெகாபிட் வந்தது. காணொளிப் பேச்சுக்கு 3 அல்லது 4 மெகாபிட் தடையின்றி வந்தாலே போதும்.

அன்று ஆச்சியை என் கைப்பேசியிலிருந்து அழைத்தோம். புதிய எண் என்பதால் எடுத்துவிட்டார். நடந்ததைத் தாய் விளக்கினார். சிறிது நேரம் மறுமுனையில் பேச்சில்லை. பிறகு, "ஏட்டி, இத முன்னமே சொல்லப்படாதா? நான் பீரோ மேலல்லா கோவிச்சிருக்கணும்!" என்றார். மாணவி சிரித்துக்கொண்டே கண்களைத் துடைத்துக்கொண்டாள்.

எந்தக் கருவியை வாங்குவது?

இதனால் புதிய திசைவியே வாங்கக் கூடாது என்பதில்லை. வாங்க வேண்டிய வேளையும் உண்டு. அப்போது நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும்.

முதலாவது, இணைப்பின் வகை. ஒளியிழை இணைப்புக்கு ஒளியை ஏற்கும் மோடம் வேண்டும். அதனைப் பெரும்பாலும் நிறுவனமே தருகிறது. கடையில் விற்கும் சாதாரணத் திசைவியில் ஒளியிழையைச் செருக இயலாது; அதனை அந்த மோடத்தோடு கம்பியால் இணைக்க வேண்டும்.

இரண்டாவது, அலைவரிசை. அருகலை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு வரிசைகளில் இயங்குகிறது. முதலாவதன் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ.; சுவரைக் கடந்து சற்றுத் தொலைவு செல்லும். ஆனால் அடுக்ககத்தில் எல்லா வீட்டுத் திசைவிகளும் அதிலேயே பேசுவதால் நெரிசல் மிகுதி. நுண்ணலை அடுப்பும் அதே வரிசையை ஒட்டித்தான் இயங்குகிறது. இரண்டாவதன் அலைநீளம் ஏறத்தாழ 6 செ.மீ.; வேகம் மிகுதி, எட்டும் தொலைவு குறைவு. இரண்டும் உள்ள கருவியே நல்லது.

மூன்றாவது, பெட்டியின் மேல் உள்ள எண். '1200' என்று அச்சிட்டிருந்தால் நம் கைப்பேசிக்கு 1200 மெகாபிட் கிடைக்கும் என்பது பொருளன்று. ஒரு வரிசையின் உச்சவேகமான 300ஐயும் மற்றொன்றின் 867ஐயும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை முழு எண்ணாக உயர்த்தி எழுதிய எண் அது. மேலும், கம்பி செருகும் வாயில் 100 மெகாபிட் மட்டுமே தாங்குவதாயின், நீங்கள் 200 மெகாபிட் திட்டத்துக்குப் பணம் கட்டினாலும் 100க்கு மேல் வராது. திட்டத்துக்கு ஏற்ற வாயில் உள்ளதா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, வீட்டின் அளவு. இரண்டு அறை வீட்டுக்கு நல்ல இடத்தில் வைத்த ஒரு திசைவியே போதும். நீண்ட வீட்டுக்கும் மாடி வீட்டுக்கும் ஒரு பெரிய திசைவியைவிட, ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இரண்டு சிறு கருவிகள் மேல்.

கருவியை மாட்டியவுடன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதனோடு வந்த கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். புதிய கடவுச்சொல் நீளமாக இருக்கட்டும். பிறந்த நாளும் கைப்பேசி எண்ணும் வேண்டா.

வீட்டுக்கு வெளியே உள்ள குறை

சில குறைகளை நாம் கண்டறியலாம். ஆனால் நீக்க இயலாது. ஹைதராபாத் நகரில் இணைய இழைகளும் தொலைக்காட்சிக் கம்பிகளும் மின்கம்பங்களில் கொத்துக் கொத்தாகத் தொங்குவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்டில் இராமந்தாபூரில் கிருஷ்ண ஜயந்தித் தேர் ஊர்வலத்தின்போது மின்சாரம் பாய்ந்து ஐவர் உயிரிழந்தனர். அதன்பின் மின்கம்பங்களில் தொங்கிய கம்பிகள் நகரெங்கும் அகற்றப்பட்டன. பல பகுதிகளில் இணையம் நின்றது. வழக்கு தெலங்கானா உயர்நீதிமன்றம் வரை சென்றது. அந்நாள்களில் விலையுயர்ந்த திசைவி வைத்திருந்தவர் வீட்டிலும் சிவப்பு விளக்குத்தான் எரிந்திருக்கும். அறுந்து தொங்கும் எந்தக் கம்பியையும் தொடாதீர்கள். இணையக் கம்பியாகத் தோன்றுவது மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

அவ்வாண்டு கழிந்து சங்கராந்தி வந்தது. செகந்தராபாத்தின் மொட்டைமாடிகளெல்லாம் பட்டம் விடுவோரால் நிறைந்திருந்தன. பண்டிகைக்கு மறுநாள் என் மாணவியின் வீட்டில் இணையம் நின்றது. இம்முறை அவள் என்னிடம் வரவில்லை. விளக்குகளைப் பார்த்துக் குறிப்பேட்டில் நேரத்தோடு எழுதிக்கொண்டாள். இணைப்பு வழங்கும் நிறுவனத்தை அழைத்துத் தெலுங்கில், "பவர் உந்தி, லாஸ் லைட் எர்ரகா உந்தி" என்றாள். மின்சாரம் இருக்கிறது, ஒளி வரவில்லை என்று அவள் தெளிவாகச் சொன்னதால், பழுதுநீக்குநர் இழைகளை உருக்கி ஒட்டும் கருவியோடு நேரே வந்தார். பக்கத்துக் கட்டடத்தின் கைப்பிடிச் சுவரில் பட்டக் கயிறு சிக்கி இழுத்ததில் இழை முறிந்திருந்தது. அரைமணி நேரத்தில் ஒட்டிவிட்டார். வந்தவருக்கு மோர் கொடுத்தாளாம் அவள் தாய்.

"நெட் வரலேது என்று மட்டும் சொல்லியிருந்தால் முதலில் வெறுங்கையோடு வந்து பார்த்துவிட்டு, மறுபடி கருவி எடுக்கப் போயிருப்பேன்" என்று அவர் சொன்னதாக மறுநாள் மாணவி என்னிடம் கூறினாள்.

அவளுடைய குறிப்பேட்டில் இருந்த வரிசையை உங்களுக்கும் தருகிறேன்.

1. மின்விளக்கு எரிகிறதா? எரியவில்லையெனில் பொருத்தியையும் மின்வாயிலையும் பார்.
2. 'லாஸ்' சிவப்பாக உள்ளதா? ஆம் எனில் குறை இழையில் உள்ளது, நிறுவனத்தை அழை.
3. விளக்குகள் சரியெனில், திசைவியை நிறுத்தி அரை நிமிடம் கழித்து மீண்டும் இயக்கு.
4. திசைவியின் அருகில் வேகத்தை அளந்து பார். அங்கேயும் குறைவெனில் வேறொரு கருவியில் அளந்து பார்.
5. அருகில் மிகுந்தும் தொலைவில் குறைந்தும் வந்தால் திசைவியின் இடத்தை மாற்று.
6. இவ்வளவும் செய்த பின்னரே புதியது வாங்குவதைப் பற்றி எண்ணு.

மாணவச் செல்வங்களே! புலம்பெயர்ந்த வீடுகளில் மூத்தோரைவிடப் பிள்ளைகளே இக்கருவிகளையும் இவ்வூர் மொழியையும் நன்கு அறிந்திருக்கிறார்கள். எனவே, பழுது நேரும்போது குடும்பத்தின் சார்பில் பேசும் பொறுப்பும் உங்களிடமே வந்து சேர்கிறது. 'ஒன்றும் வேலை செய்யவில்லை' என்று சொல்வது எளிது. எது வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று பிரித்துச் சொல்லப் பழகுங்கள். வீட்டின் பணம் வீணாகாது. உதவ வருபவரின் உழைப்பும் வீணாகாது. குற்றமற்ற ஒருவர்மீது வீண்பழியும் விழாது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் வீட்டுத் திசைவியில் உள்ள விளக்குகளின் பெயர், நிறம், அவை உணர்த்தும் செய்தி ஆகியவற்றை அட்டவணைப்படுத்துக.
2. வீட்டில் ஐந்து இடங்களில் இணைய வேகத்தை அளந்து, வேறுபாட்டுக்கான காரணத்தை எழுதுக.
3. ஆச்சி கூறிய பேச்சுவழக்குத் தொடரை எழுத்துவழக்கில் மாற்றி எழுதுக.
4. 'பிரித்தனர்' என்னும் சொல்லுக்குப் பகுபத உறுப்பிலக்கணம் தருக.
5. பழுதுநீக்குநரிடம் குறையைத் தெளிவாக எடுத்துரைக்கும் உரையாடல் ஒன்றை எழுதுக.